அழுகைக்கு ஒன்பது மார்க்

மார்க் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் அவள் பத்துக்கு எத்தனை போடுகிறாள் என்று கேட்காமல் ஒருத்தரும் தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஏழு என்றால் குடும்பத்தோடு கிளம்புவார்கள். நாலு என்றால் வீட்டில் கிடந்து தூங்குவார்கள். கதாநாயகன் மூக்கும் முழியுமாக இருக்கிறானே என்று அரை மார்க் கூட்டிப் போடுகிற ஜாதி இல்லை அவள்.

கதை சொல்வதெல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கும்போதுதான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். இயந்திர இரைச்சலில், விலகி நிற்கும்போது எதுவும் காதில் விழாது. கிட்டே வரும்போது ஒரு வாக்கியம். அடுத்த விரிப்புக்கு அடுத்த வாக்கியம். எதிரே நிற்கும் ஜோடிக்காரி முழுப் படத்தையும் அப்படித்தான் கேட்டு முடிப்பாள். வாயில்லாப் பூச்சி அவள். "எனக்கென்னக்கா தெரியும், நீங்க சொன்னா சரி" என்பாள்.

இவர்களை ஏற்றிப் போகும் ஊழியர் பஸ்ஸுக்கு அக்காவின் புருஷன்தான் டிரைவர். எல்லாப் படத்துக்கும் அவரும் கூடப் போவார். விளக்கு அணைந்ததும் குறட்டை. அப்படிப்பட்ட ஆள், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுவில் விழித்துத் தொலைத்தார்.

புதிதாக வந்த குடும்பப் படம். நாயகி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளாம். அத்தனை பேர் முன்னாலும் நாயகன் பளாரென்று ஒரு அறை விட்டான். உடனே வயலின் இழைகிறது. அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, என் மேல் இவருக்கு எவ்வளவு பாசம் என்கிறாள். தியேட்டரே கைதட்டியது. அக்காவுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபம் தலைக்கேறினால் அவளுக்கு அழுகைதான் வந்து தொலைக்கும். கைதட்டல் சத்தத்தில் விழித்த டிரைவர் பார்த்தது அந்தக் கண்ணீரை மட்டும்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் யாரோ, "படம் எப்படிண்ணே?" என்று கேட்க, மகராசன் திருவாய் மலர்ந்தார்.

"ஒம்பது மார்க். என் பொண்டாட்டியே அழுதுட்டா. அவ அழுது யாராவது பாத்திருக்கீங்களா?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுகிற வண்டியில் டிரைவரோடு மல்லுக்கு நிற்கக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் பிடிபிடியென்று பிடித்தாள்.

"நான் ஏன் அழுதேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"படத்தைப் பாத்துத்தானே அழுத? ஒரு மார்க்குல என்ன குடி முழுகிப் போச்சு?"

யார் குடி முழுகியது என்று மறுநாள் தெரிந்தது. முந்தின நாள் ஜோடிக்காரியை இஸ்திரிப் பக்கம் போட்டிருந்ததால் இருவரும் பேசவே முடியவில்லை. அன்று சாயங்காலமே அவளுடைய புருஷன் அவளைப் படத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். அவனும் ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்ப்பவன், அதே பஸ்ஸில் வந்து அந்த ஒன்பது மார்க்கைக் கேட்டவன்.

முனை சேர்ந்தபோது ஜோடிக்காரி சொன்னாள், "நேத்து அந்தப் படத்துக்குப் போனோம்க்கா."

அடுத்த விரிப்பு. "அந்த அறை விழுந்தப்ப இவர் எழுந்து நின்னு கை தட்டினார்."

அடுத்த விரிப்புக்கு அவள் முகத்தை நிமிர்த்தவே இல்லை. "வீட்டுக்கு வந்து எனக்கும் ஒண்ணு விட்டார். உங்க அக்காவே பாத்து உருகி அழுதிருக்கு, உனக்கு என்ன நோவுன்னு கேக்கறார்."

அக்கா விரிப்பைக் கை நழுவ விட்டாள். துவைத்த துணி தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். மேற்பார்வையாளர் கத்தினார். கத்தட்டும்.

சாயங்காலம் வண்டி கிளம்புவதற்கு முன்பே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்தப் படத்துக்கு என் மார்க் ஒண்ணு. அதுவும் கேமரா பிடிச்சவனுக்கு. பொம்பளையை அறையறதுக்கு வயலின் வாசிக்கிறானுங்க. நான் அழுதது ஆத்திரத்துல. என் அழுகையைக் காட்டி இனி எவனும் எவளுக்கும் பாடம் நடத்தக் கூடாது."

"உக்காரு, எல்லாரும் பாக்கறாங்க" என்று முனகினார் டிரைவர்.

"பாக்கட்டும். அவங்களாவது முழிச்சிருக்காங்க."

பாய்லர்காரன் சிரித்தான். "படத்தைப் படமாப் பாருங்கக்கா."

"படத்தைப் பத்தித்தான் தம்பி பேசறேன். உனக்கு ஏன் சுடுது?"

ஜன்னலோரத்திலிருந்து ஜோடிக்காரியின் குரல் வந்தது.

"எனக்கு சைபர்."

பாய்லர்காரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

வண்டி அவர்கள் நிறுத்தத்தில் நின்றது. "வா" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான். ஜோடிக்காரி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில், வழியை அடைத்தபடி உட்கார்ந்தாள். கீழே நின்றவன் டிரைவரை முறைத்தான். டிரைவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார்.

"இவ இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வர்றா. கதவைச் சாத்துங்க" என்றாள் அக்கா.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாத்தினார்.