உள்ளேயிருந்து வெளியே போன பரிசு

அந்தப் பெண்கள் சிறையில் முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை ‘அம்மா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கத்தரி’. காவலராகச் சேர்ந்த நாளிலிருந்து பெரும்பாலும் வாசல் அறையில்தான் அவருக்கு வேலை. வெளியிலிருந்து வரும் எதுவும் அவர் கைபடாமல் உள்ளே போகாது. சோப்பைக் கம்பியால் குத்திப் பார்ப்பார். சட்டையின் தையல் ஓரங்களை விரல் நுனியால் தடவிக்கொண்டே போவார். கிறிஸ்மஸ் வந்துவிட்டால் நிமிர நேரமிருக்காது. சபைகளிலிருந்து பரிசுப் பொட்டலங்கள் வந்து குவியும். யாரோ ஆசை ஆசையாய்ச் சுற்றிய பளபளப்புக் காகிதத்தையும் ரிப்பனையும் கத்தரியால் வெட்டிப் பிரித்து, பிரித்த கோலத்திலேயே உள்ளே அனுப்புவார்.

அவரும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்தான். அவர் கணவர் பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். கிறிஸ்மஸுக்கு மனைவிக்கு எது வாங்கினாலும் சுற்றாமல் அப்படியே கையில் கொடுப்பார். “சுத்திக் குடுத்தா எக்ஸ்ரே எடுத்துட்டுத்தானே வாங்கிப்ப?” என்பார். மகள்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கத்தரியம்மாவுக்கும் சிரிப்பு வரும்.

வேலையில் ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபட்டதில்லை. பரிசு கொண்டுவருகிறவர்கள் உள்ளே நுழையும்போது மிரண்டு போயிருப்பார்கள். திரும்பும்போது முகமெல்லாம் பூரித்திருக்கும். வாங்கிய கைதிகளோ பொட்டலத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வார்.

அந்த வருடம் கிறிஸ்மஸ் நெருங்கிவிட்ட சமயத்தில், தையல் கூடத்தில் ஓர் ஊசி குறைந்தது.

ஓர் ஊசிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். முன்பொரு சண்டையில் ஒருத்தியின் கண்ணில் ஊசி இறங்கியது. ரத்தம் வழிய அவளைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடியது கத்தரியம்மாதான். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவேயில்லை. அதனால் சிறைக் கண்காணிப்பாளர் மேடம் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்துச் சொன்னபோது அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

“ஊசி கிடைக்கிற வரைக்கும் யாரும் யாரையும் பார்க்க முடியாது. கிறிஸ்மஸா இருந்தாலும் சரி.”

கூடம் கொதித்துப் போனது. மற்ற நாட்களில் கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் நின்றுதான் பேச வேண்டும். கிறிஸ்மஸ் அன்று மட்டும்தான் பிள்ளைகள் தாயின் மடியில் உட்காரலாம். “எவ எடுத்தாளோ அவ கையில கொள்ளிய வைக்க!” என்று ஒருத்தி கத்தினாள். சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். காவலர்கள் அறை அறையாகச் சோதனை போட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் மீதியிருந்த கடைசி வரிசை அறைகளைச் சோதிப்பது கத்தரியம்மாவின் பொறுப்பாயிற்று. அங்கே ஓர் இளம்பெண் தலையணையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அதிகம் வாய் திறக்காததால் அவளுக்கு ஊமைச்சி என்று பெயர்.

“எழுந்திரு.”

“அம்மா, தலையணையை மட்டும் விட்டுடுங்கம்மா.”

“அப்போ அதைத்தான் முதல்ல பார்க்கணும்.”

உறைக்குள் கைவிட்டார். ஒரு பொம்மை வந்தது. கிழிந்த படுக்கை விரிப்பில் உடம்பு, பழைய காலுறையின் கறுப்பு நூலில் தலைமுடி, கோணலாக ஒரு சிரிப்பு. ஒரு கண் தைத்து முடிந்திருந்தது. மற்றொன்றில் ஊசி நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“பாவி, உன்னால இத்தனை பேர் துடிச்சிட்டு இருக்காங்களே! வாயைத் திறந்து சொன்னா என்ன?”

“சொன்னா பொம்மையைப் புடுங்கிடுவீங்க. கண்ணு ஒண்ணுதான் பாக்கி. முடிச்சதும் ஊசியை வச்சிடலாம்னு இருந்தேன்.” அவள் பொம்மையின் பக்கம் கையை நீட்டினாள். “போன வருஷம் என் பொண்ணு எனக்குன்னு படம் வரைஞ்சு கொண்டு வந்தா. ‘நீ என்னம்மா தருவ’ன்னு கேட்டா. சபையில குடுத்த சோப்பை நீட்டினேன். ‘இது அவங்க உனக்குக் குடுத்ததுதானே’ன்னு கேட்டுட்டா. வருஷா வருஷம் எல்லாரும் எங்களுக்குக் குடுக்குறீங்க. நாங்க யாருக்கும்மா குடுக்குறது?”

கத்தரியம்மாவுக்குச் சுருக்கென்றது.

“அக்கா, ஏதாவது கிடைச்சுதா?” என்று அடுத்த வரிசையிலிருந்து இன்னொரு காவலர் குரல் கொடுத்தாள்.

ஊசியை உருவிக்கொண்டு, கூடத்தில் கீழே கிடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் பிழைப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடவே, ரத்தம் வழிந்த அந்தக் கண்ணும் நினைவுக்கு வந்தது.

“கிடைச்சுடுச்சு,” என்றார். ஊமைச்சி முகத்தை மூடிக்கொண்டாள்.

பொம்மையை ஊசியோடு மேடத்தின் மேஜையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மேடம் ஊசியைத்தான் முதலில் எடுத்தார்.

“சரி, மத்தவங்க வீட்டு ஆளுங்களைப் பார்க்கலாம். இவளுக்குக் கிடையாது.”

“தண்டனை குடுங்க மேடம். தையலை விட்டுத் தூக்குங்க. ஆனா அந்தக் குழந்தை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போக வேண்டாமே.”

“நீங்களா இப்படிப் பேசுறீங்க?”

“எனக்கும் அவ மேல கோபம்தான் மேடம். ஆனா இத்தனை வருஷமா வெளியிலிருந்து வர்ற பரிசைத்தான் பிரிச்சிருக்கேன். உள்ளேயிருந்து ஒண்ணு வெளிய போய் நான் பார்த்ததே இல்ல.”

தொலைபேசி அடித்தது. மேடம் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள என்ன வச்சிருக்கான்னு பார்த்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“பிரிங்க.”

பொம்மையின் முதுகில் கத்தரியை வைத்தபோது கை கூசியது. கந்தலும் பஞ்சும் வெளியே வந்தன. பிறகு விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. இதற்குள் வேறு எதையாவது ஒளித்திருந்தால், இவ்வளவு பேசிய தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மெல்ல இழுத்தார். ஒரு சிவப்புச் சட்டைப் பொத்தான். துணித்துண்டில் தைத்து, நெஞ்சின் இடப்பக்கம் இருக்கும்படி வைத்திருந்தாள்.

மேடம் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திரும்பக் கத்தரியம்மாவின் கையிலேயே வைத்தார்.

“இருந்த இடத்துலயே வச்சுத் தைங்க. கண்ணை அவளே தைக்கட்டும். நீங்க பக்கத்துல உட்காருங்க. முடிஞ்சதும் ஊசி என் மேஜைக்கு வரணும்.”

கிறிஸ்மஸ் அன்று குழந்தை தன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிரித்த பரிசுகளில் மிஞ்சிய காகிதத்தில், கசங்கலும் கோணலுமாகக் கத்தரியம்மாவே பொம்மையைச் சுற்றிக் கொடுத்திருந்தார். மடியில் உட்கார்ந்த குழந்தை பொட்டலத்தை வாங்கியதுமே கேட்டாள்:

“இது யாரு குடுத்தது?”

“நான்தான். உனக்காக நானே தச்சேன்.”

“நெசமாவா?” குழந்தை அம்மாவை நம்பாமல், பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்தாள். கத்தரியம்மா தலையசைத்தார்.

காகிதம் பர்ரென்று கிழிந்தது. குழந்தை பொம்மையின் மூக்கோடு தன் மூக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தோளில் சாய்த்து, தாய் பிள்ளையைத் தட்டுவதுபோல் முதுகில் தட்ட ஆரம்பித்தாள். ஊமைச்சி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டென்று அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது.

நேரம் முடிந்து வெளியே போகும்போது வாசல் மேஜையருகே குழந்தை நின்றுவிட்டாள். பொம்மையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “இதைப் பிரிப்பீங்களா?” என்று கேட்டாள்.

“பார்த்தாச்சு கண்ணு. போயிட்டு வா.”

ஊமைச்சியைத் தையல் கூடத்திலிருந்து எடுத்துச் சலவைக்குப் போட்டார்கள். மற்ற பெண்கள் வெகுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்தரியம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில், அடுத்த கிறிஸ்மஸுக்கு முன்பு தையல் கூடத்தில் ஒரு மேஜை ஒதுக்கினார்கள். விருப்பமுள்ளவர்கள் காவலர் எதிரில் உட்கார்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு எதையாவது செய்யலாம். முயலா யானையா என்று தெரியாத உருவங்களும், ஒரு கை நீண்டு ஒரு கை குட்டையான சட்டைகளும் அங்கே உருவாயின. கிறிஸ்மஸ் அன்று ஒருத்தியின் மகன் வரவேயில்லை. அவள் செய்த பந்தை அவளே கொண்டுபோய், வேறொருத்தியின் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.