மார்லிஸ் பிடித்த ட்ரவுட்

வெண்டல் ஹாகன் செத்த மானையும் மீனையும் கெடாமல் பாடம் செய்து, சுவரில் மாட்டும்படி ஆக்கித் தருகிறவர். மினசோட்டாவின் வடகோடியில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையோரத்துத் தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. சுற்றுவட்டாரத்தில் எவன் கொம்புமான் சுட்டாலும், பெரிய மீன் பிடித்தாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவான். சிடுமூஞ்சி, ஆனால் ஏமாற்றத் தெரியாத ஆள் என்று ஊரில் பேர். அவரும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் மிஸ்டர் ஓஸ்லண்ட் வந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். வெண்டலே அந்தப் பேருந்தில் போய்ப் படித்தவர்தான். நாற்பத்தெட்டு வயதாகியும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வெண்டலுக்கு வாய் வந்ததில்லை. கிழவரின் கையில், நீலத் துண்டில் சுற்றி உறையவைத்த ஒரு ட்ரவுட் மீன். மூன்றடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு.

"மார்லிஸ் பிடிச்சதுடா," என்றார். மனைவியை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. "செப்டம்பர்ல, ஆஸ்பத்திரியில கேன்சருக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்த மறுநாளே ஏரிக்குப் போகணும்னா. நான் படகை ஓட்டினேன். இருபது நிமிஷம் போராடினா. என்னைத் தூண்டிலைத் தொடவே விடல."

வெண்டல் துண்டை விலக்கிப் பார்த்தார். "மிஸ்டர் ஓஸ்லண்ட், ட்ரவுட் தோல்ல கொழுப்பு ஜாஸ்தி. நாளாக நாளாக எண்ணெய் கசியும். இப்பல்லாம் ஃபைபர்ல வார்த்த மீன் உருவம் வாங்கி, ஃபோட்டோவைப் பாத்து வண்ணம் அடிச்சுதான் மாட்டுறாங்க. அப்படிச் செஞ்சு தரட்டுமா?"

"கசிஞ்சா கசியட்டும். எனக்கு அவ பிடிச்ச மீன் வேணும். அது மாதிரி ஒண்ணு எனக்கு எதுக்கு?"

நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள்தான் வெண்டல் அந்த மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உறைவு இளகட்டும் என்று பின்னறைத் தொட்டியில் போட்டார். ராத்திரிக்குள் தோலை உரித்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் அன்று மாலையே வெளியூர் வேட்டைக்காரர்கள் விலை விசாரிக்க வர ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் வாசலில் மான் ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஞாயிறு முழுக்க மான் தலைகள். கத்தியைக் கீழே வைக்க நேரமில்லை. பின்னறையில் ஹீட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நாற்றம் வந்த பிறகுதான் மீன் ஞாபகம் வந்தது.

கையை விட்டுத் தூக்கினார். தோல் நனைந்த காகிதம் போலப் பிய்ந்து வந்தது. துடுப்புகள் தொட்டியிலேயே தங்கிவிட்டன.  பிறகு எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளி, கொட்டகைக்குப் பின்னால் கழிவு கொட்டுகிற இடத்தில் கொட்டினார். அண்டங்காக்கைகள் அங்கே எப்போதும் காத்திருக்கும்.

அன்றைக்கே கிழவருக்குப் போன் பண்ணியிருக்கலாம். இரண்டு முறை எண்களை அழுத்திவிட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டார். மூன்றாவது முறை அவர் பேசியது ஃபைபர் மீன் விற்கிற கம்பெனியோடு.

ஆறு வாரம் அந்த ஃபைபர் மீனோடு உட்கார்ந்திருந்தார். படகில் மார்லிஸ் நிஜ மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற, கிழவர் கொடுத்திருந்த ஃபோட்டோ எதிரே இருந்தது. முதுகின் சாம்பல் பச்சை, அதன்மேல் வெளிறிய புள்ளிகள், துடுப்போரத்து வெள்ளைக் கோடு, வாலில் இருந்த சின்னக் கிழிசல், எதையும் விடவில்லை. வேறெந்த மீனுக்கும் அவர் அவ்வளவு பாடுபட்டதில்லை. பயம்தான் அவரை அப்படி வேலை வாங்கியது.

பிப்ரவரியில் கிழவர் வீட்டுச் சுவரில் கொண்டுபோய் மாட்டினார். கிழவர் கிட்டே வந்தார். பிறகு மீனின் செவுளுக்குக் கீழே, ஃபோட்டோவில் மார்லிஸின் விரல்கள் இருந்த இடத்தில், தன் விரல்களை வைத்தார்.

"இங்கதான் பிடிச்சிருந்தா. உன் வார்னிஷுக்கு அடியில அவ கைரேகை இருக்கும்ல?"

"இருக்கலாம்," என்றார் வெண்டல்.

தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை வெண்டலை விடவில்லை. ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். "என்ன உயிர்ப்பு!" என்று சர்ச்சில் கையைக் குலுக்கினார்கள். அதைப் பார்த்தே புது ஆட்கள் தேடி வந்தார்கள். மிஸ்டர் ஓஸ்லண்ட் தினமும் காலையில் காபியோடு வந்து மீனைத் தொட்டுப் பேசுகிறார் என்று கேள்விப்பட்ட நாளில் வெண்டல் பட்டறையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி கோரினிடம் நடந்ததைச் சொன்னார்.

"வாயை மூடிட்டு இரு," என்றாள் அவள். "அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். நீ போய்ச் சொன்னா உனக்குத் தூக்கம் வரும். அவருக்கு?"

அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. அதை வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினார்.

மூன்றாம் வருஷம் மார்ச்சில் மிஸ்டர் ஓஸ்லண்டே பட்டறைக்கு வந்துவிட்டார். "டேய் வெண்டல், எண்ணெய் கசியும்னு பயமுறுத்தினியே, ஒரு சொட்டுக் கூட வரலடா. மார்லிஸ் பிடிச்ச மீனாச்சே!" என்று சிரித்தார்.

வெண்டலால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வேட்டைக்காலத்து அவசரம், தொட்டி, வாளி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை.

கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப நான் இவ்வளவு நாளா பிளாஸ்டிக்குக்கா குட்மார்னிங் சொல்லிட்டு இருந்தேன்?"

"ஆமாங்க."

"நிஜ மீனை எங்க போட்ட?"

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். உருகாத பனியில் மான் எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டு காக்கைகள் எழும்பிப் பறந்தன. மிஸ்டர் ஓஸ்லண்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும்," என்றார். "வந்து அதைக் கழட்டிக்கிட்டுப் போ."

வெண்டல் கழற்றி எடுத்துவந்து, பட்டறைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

மே மாதம் போன் வந்தது. "சுவர்ல அது இருந்த இடம் மட்டும் வெள்ளையா தெரியுது. சகிக்கல. கொண்டுவந்து மாட்டு. ஞாயித்துக்கிழமை வா, மார்லிஸோட தங்கச்சி பெர்னிஸ் வர்றா."

ஞாயிற்றுக்கிழமை வெண்டல் மீனை ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே பெர்னிஸ் வந்துவிட்டாள். "அய்யோ, எங்க அக்கா மீனு!" என்று கண்கலங்கிக் கையை நீட்டினாள்.

மிஸ்டர் ஓஸ்லண்ட் வெண்டலைப் பார்த்தார். "நீயே சொல்லு. வர்றவங்ககிட்டப் பொய் சொல்ல என்னால ஆகாது. நிஜத்தைச் சொல்லவும் எனக்கு வாய் வரல."

வெண்டல் பெர்னிஸ் பக்கம் திரும்பினார். "இது அவங்க பிடிச்ச மீன் இல்லீங்க. அதை நான் அழுக விட்டுட்டேன். இது நான் வண்ணம் அடிச்சது," என்றார்.

பெர்னிஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். 

அதற்கப்புறமும் அந்த வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் போன் வரும். வெண்டல் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போவார், மீனுக்குப் பக்கத்தில் நின்று அதையே சொல்வார். கிழவர் அவருக்கும் ஒரு காபி ஊற்றி வைப்பார். மன்னித்துவிட்டேன் என்று அவரும் சொன்னதில்லை, வெண்டலும் கேட்டதில்லை.