தரமணியில் ஒரு வலது கை

காலை ஆறேகாலுக்குப் பேருந்து எங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மெட்ராஸ் எங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. தேனியிலிருந்து இரவெல்லாம் குலுங்கி வந்தவர்களுக்கு மயிலாப்பூர் இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் கோபம் வராதா? மாடவீதிக்குப் பக்கத்தில் பேசி வைத்திருந்த லாட்ஜைச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட தெருவில், தகரத் தடுப்புக்கும் பூக்கடைக்கும் நடுவே பெட்டியோடு ஒருக்களித்து நடந்தோம்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வாழை விவசாயி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரம் அவருடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துக்கொண்டது. வருகிற தையில் எனக்குக் கல்யாணம். என் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அம்மா நீர் ஊற்ற, அப்பா தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அங்கக் குறை உள்ளவன் மணையில் உட்காரக் கூடாது, நானே உட்கார்ந்து கொடுத்துவிடுகிறேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், தசையின் துடிப்பை உணர்ந்து விரல்களை மடக்கும் இயந்திரக் கை செய்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்திப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று தேடித் துருவிக் கண்டுபிடித்தவள் நான். அளவெல்லாம் முன்பே எடுத்து அனுப்பியாயிற்று. இன்றைய சோதனையில் தேறினால் கை அப்பாவுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு.

ஒன்பது மணிக்கு அப்பா, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி தயாரானார். சவரம், வெள்ளைச் சட்டை, விபூதி. இடது உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு, மிஞ்சியதை வலது கையின் மீதத்தில் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லா ஆண்களும் செய்வதுதான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து மணிக்குத் திருமயிலை ஸ்டேஷன். தரமணிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அரண்மனை மாதிரிக் கட்டிவைத்த ஸ்டேஷனில் இவ்வளவுதான் கூட்டமா என்று அப்பா அதிசயப்பட்டார். மேம்பாலத்தில் ரயில் போவதால் மொட்டைமாடிகளும் துணிக்கொடிகளும் நம் மட்டத்துக்கு வருகின்றன. கோட்டூர்புரம் தாண்டும்போது ஒரு பக்கம் ஆற்றோரத்துக் குடிசை, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடம். ஏழாவது நிலையம் தரமணி. இறங்கினால், கழுத்தில் அட்டை தொங்க நடக்கிற கூட்டத்தில் வேட்டி கட்டியவர் அப்பா ஒருவர்தான்.

ஆய்வுக்கூடத்தில் எங்களைக் கவனித்துக்கொண்டவர் சல்மா என்கிற பொறியாளர். ராயப்பேட்டைக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் எங்களை அழைத்துப் போன வழியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஓர் இயந்திரக் கரம் இடுக்கியால் செடியின் குருத்தை எடுத்து, நறுக்கி, குப்பியில் நட்டுக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். திசு வளர்ப்புக் கூடத்தில் வாழைக்கன்றுகளுக்கு நான் தினமும் செய்யும் வேலை அது! என்னைவிட மெதுவாகத்தான் செய்தது. ஆனால் அதற்குக் கழுத்து வலிக்காது, தீபாவளிக்கு லீவும் கேட்காது. என் வேலை இன்னும் எத்தனை நாளைக்கோ என்று கணக்குப் போட்டேன். அப்படியும் அங்கிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை.

பதினொன்றரைக்குச் சோதனை தொடங்கியது. கையை மேஜைமேல் ஒரு காகிதத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி, தோலைத் தொடும் உலோகப் பொத்தான்கள் வைத்த பட்டையைச் சல்மா கட்டினார். விரலை மடக்குகிற மாதிரி நினைக்கச் சொன்னார். அப்பா நினைத்தார். நெற்றியில் நரம்பு புடைக்க நினைத்தார். திரையில் கோடு படுத்தே கிடந்தது. பட்டையைத் தள்ளிக் கட்டினார்கள், இறுக்கிக் கட்டினார்கள். அரை மணி நேரம் போயிற்று. சிலருக்கு நாளாக ஆகத் தசை ஓய்ந்துவிடும், அப்படியானால் இந்தக் கை ஒத்துவராது என்று சல்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எந்திரி பாப்பா, போவோம்" என்று அப்பா கையைத் தூக்கினார்.

அடியிலிருந்த காகிதம், பஜ்ஜி வைத்த தாள் மாதிரி கண்ணாடியாகியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாள் முழுக்கக் கிருமியில்லாத அறையில் வேலை பார்க்கிற எனக்கு இது காலையிலேயே தோன்றியிருக்க வேண்டாமா? பட்டைக்கும் தோலுக்கும் நடுவே எண்ணெய் என்றேன். சல்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "கிரீம் தடவாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றோம். தேங்காய் எண்ணெயை யாரும் கிரீம்னு நினைக்க மாட்டாங்களே!"

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினோம். பட்டையைக் கட்டியதும் கோடு துள்ளி எழுந்தது. மேஜைமேல் கிடந்த கறுப்புக் கை மெல்ல விரல் மடக்கியது. இரண்டு வருஷமாக இல்லாத விரல்களுக்கு அப்பாவின் மூளை இன்னும் வேலை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உடம்பு எவ்வளவு பிடிவாதமான சங்கதி!

கையை மாட்டியதும் காகிதக் கோப்பையைப் பிடிக்கச் சொன்னார்கள். முதல் இரண்டும் நசுங்கின. மூன்றாவது நின்றது. அப்பா சிறுபிள்ளைபோலச் சிரித்தார். கை அவருக்குத்தான் என்று சல்மா சொன்னபோது நான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

தினமும் ராத்திரி போன் மாதிரி சார்ஜ் போட வேண்டுமாம். எனக்கு வாழை நினைவு வந்தது. மனிதர்கள் ருசிக்காகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில் விதையைத் தொலைத்துவிட்டு, நாம் நட்டால்தான் உண்டு என்று ஆகிவிட்ட மரம் அது. நாளைக்கு மனிதர்களும் செருகிவைத்த உறுப்பையும் திருத்திய மரபணுவையும் நம்பித்தான் இருப்போமோ? அப்போது எது உடம்பு, எது கருவி? சல்மாவிடம் கேட்டேன். தனக்கும் தெரியவில்லை, ஆனால் பார்த்துவிட ஆசையாக இருக்கிறது என்றார். எனக்கும்தான்.

அப்போது அப்பா, வந்ததிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார். "ஏம்மா, இதுல தண்ணி ஊத்தலாமா? மக கல்யாணத்துல தாரை வார்க்கணும்."

தண்ணீர் படக்கூடாது. சல்மாவின் முகம் விழுந்துவிட்டது. கோப்பை, சாவி, பந்து எல்லாம் யோசித்தோம், இதை யோசிக்கவில்லையே என்றார். தன் நிக்காஹில் அத்தா வாயால் சம்மதம் சொன்னதோடு சரி, கைக்கு வேலையே இல்லை என்றும் சொன்னார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்: இயந்திரக் கை என் கையை மேலே பிடித்திருக்கட்டும், கீழே ஏந்துகிற இடது கையில் மட்டும் நீர் விழட்டும். பழகிப் பார்க்கட்டும் என்று என் கையைக் கொடுக்கச் சொன்னார்.

கறுப்பு விரல்கள் என் விரல்களைச் சுற்றி மூடின. பதமாகத்தான் பிடித்திருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாப்பா, வச்சிருக்கேனா, விட்டுட்டேனா?"

"வச்சிருக்கீங்கப்பா."

விரல்நுனியில் தொடு உணர்வு கொண்டுவரவும் முயற்சி நடக்கிறது, சில வருஷம் ஆகும் என்றார் சல்மா. "அதுக்குள்ள கல்யாணம் வந்துருமே தாயி" என்றார் அப்பா.

மூன்றரைக்குத் தி.நகருக்கு ஆட்டோ. இருநூற்றைம்பது கேட்டவர், அப்பாவின் கையைப் பார்த்ததும் இருநூறு போதும் என்றார். "இன்னா நைனா, ரோபோ கையா? சோக்கா கீது!" அடையாறு தாண்டும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். மெட்ரோவையே ஆளில்லாமல் ஓட்டப்போகிறார்களாம், நாளைக்கு ஆட்டோவும் அப்படி வந்தால் தன் பிழைப்பு என்னாவது என்றார். பாப்பா வேலைக்கும் ஒன்று வந்துவிட்டது என்று அப்பா அவருக்குத் துணைக்கு ஆள் சேர்த்துவிட்டார்.

தி.நகரில் கூறைப்புடவை எடுக்க உட்கார்ந்தோம். கடைக்காரர் விரித்த அரக்குச் சிவப்பின் முந்தானையை அப்பா இயந்திர விரல்களால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெரியப்பாவின் போன். கை கிடைத்ததா என்று கேட்டிருப்பார்.

"கிடைச்சுருச்சுண்ணே. நல்ல கை. மம்பட்டி பிடிக்கும், வண்டி ஓட்டும்" என்ற அப்பா கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா தாரை வார்க்க இது ஆகாது. மணையில நான்தான் உக்காருவேன். இடது கையால குடுக்குறேன்."

பெரியப்பா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. கடைக்காரர் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"இடது கையால குடுக்கலாமான்னு கேக்குறீகளா? அவ கையப் பிடிச்சா, இந்தக் கைக்குத்தான்ணே தெரியுது."