கழுத்து அட்டை

அந்த அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். ஓரத்தில் ஒரு ஓட்டை, அதில் அறுந்த சணல். தெருநாய்களைக் கொல்லக் கூடாது, கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்று விதி வந்த புதிதில், புதுச்சேரியில் ஒரு காப்பகத்தில் வேலைக்கிருந்தேன். நாய் பிடிக்கிறவர்கள் பதிவேட்டில் குறித்த தெருப் பெயரை அட்டையில் எழுதி, அந்தந்த நாயின் கழுத்தில் கட்டுவது என் பொறுப்பு.

அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் விடுபவர் வண்டிக்கார அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு நாய்களைக் கொல்லக் கொண்டுபோகிற வண்டியை ஓட்டியவர். "அப்பல்லாம் ஏத்துனது ஒண்ணுகூடத் திரும்பலம்மா. இப்பதான் கொண்டுபோயி உடறேன்" என்பார். விட்டதும் அட்டையை அறுத்து, வண்டியில் ஒரு கம்பியில் கோத்து வைப்பார். "உன் எழுத்து மணி மணியா இருக்கும்மா. கண்ணாடி இல்லாமயே படிச்சிடறேன்" என்று புகழ்வார். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் மூலக்குளத்திலிருந்து எங்கள் தெரு நாயே வந்து சேர்ந்தது. வால் நுனி மட்டும் வெள்ளையான செவலை. தினமும் என் ஸ்கூட்டரைத் துரத்துகிற சனியன். அக்கம்பக்கத்தார் வேறு, "நீ அங்கதான வேல பாக்கற, திரும்ப வராம பாத்துக்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் தேங்காய்த்திட்டு என்று எழுதினேன். அங்கே துறைமுகத்தில் மீனுக்கா பஞ்சம், பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் மீன்காரம்மா ஒருவர் அதைக் கூடையில் தூக்கி வந்தார். துறைமுகத்து நாய்கள் குதறியிருந்தன. "காது வெட்டியிருக்கே, நீங்க உட்ட நாயிதான?" என்றார். சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. காப்பகத்து டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "மூலக்குளத்து நாய அங்க ஏன் உட்டீங்க?" என்று அண்ணனிடம் கத்தினார்.

அண்ணன் வண்டிக் கம்பியைத் துழாவி ஓர் அட்டையை எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எழுத்து சரியாத் தெரிலம்மா. என் தப்புதான்" என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. மறுநாள் முதல் வண்டியை வேறொருவர் ஓட்டினார், அண்ணன் கூண்டு கழுவினார். ஒரு நாயைக்கூட அதன் பிறகு அவர் தெருவில் கொண்டுபோய் விடவில்லை. வேலையை விட்டுப் போன அன்று, அந்த அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கும் இப்போது ஐம்பது நெருங்குகிறது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடிவதில்லை. அந்த அட்டையை மட்டும் படிக்க முடிகிறது.