கேட்காமல் எழுதிய மூன்று சொற்கள்

எஸ்தரின் வாசிப்பை ஒரு நிமிடம்கூடக் கேட்காமல், "கை பழகவில்லை. தவிர்க்கலாம்" என்று பத்திரிகையில் எழுதினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. சிவப்பு, நீலம், பென்சில்

சென்னையில் ஒரு வார இதழின் இசைப் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் போய்வருவேன். மார்கழி சீசனுக்கு முன்னால் சபாக்களிலிருந்து நிரல்கள் வந்து மேசையில் குவியும். எந்தக் கச்சேரிக்குப் போகலாம் என்று வாசகர்களுக்குச் சொல்லும் பட்டியலை நான்தான் போடுவேன். சிவப்பு மை என்றால் கட்டாயம், நீலம் என்றால் முடிந்தால், பென்சில் என்றால் தவிர்க்கலாம்.

கர்நாடக இசையில் வயலின் யார், மிருதங்கம் யார், எத்தனை மணிக்கு என்று பார்த்தாலே பாதிக் கச்சேரி எனக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு திமிர். ஒரு வருடம் ஆசிரியர், "ஜாஸும் சேருங்க சார், புதுசா இருக்கட்டும்" என்றார். அந்த மேல்நாட்டு இசை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இல்லை.

வந்த நிரலில் பியானோ எஸ்தர், திருத்தணி என்று இருந்தது. கூட பேஸ் கிட்டார், டிரம்ஸ். எங்கள் ஊரில் ஏது ஜாஸ் என்று தோன்றியது. பென்சிலை எடுத்தேன்.

பட்டியல் வெளியான மறுநாள் எஸ்தரின் அப்பா ஆசீர்வாதம் வாத்தியார் ரயிலில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு வாசிச்சதை எங்க சார் கேட்டீங்க?"

"ஸ்கூல் ஆண்டு விழாவுல."

"ஆங். அப்படீங்களா."

வேறெதுவும் கேட்காமல் எழுந்து போனார். அந்தக் கச்சேரியில் முக்கால்வாசி நாற்காலிகள் காலி என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் எஸ்தர் மேடை ஏறவில்லை. ஊர்ப் பள்ளியில் பாட்டு டீச்சர் ஆனாள்.

2. இந்த ஆண்டுப் பட்டியல்

நான் ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்டது. எங்கள் ஊர் ரசிகர்கள் சிலர் வேன் வைத்துக்கொண்டு சீசனுக்குப் போகிறோம். எதற்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை இந்த ஆண்டு என்னிடம் விட்டார்கள். நிரல்களில் இருந்த ஒவ்வொருவரின் கச்சேரிப் பதிவையும் ஃபோனில் தேடிக் கேட்டேன். ஒரு மாதம் ஆனது. யாரும் போகாத நண்பகல் கச்சேரியில் பாடும் ஒரு பையனின் தோடி ராகம் என்னை அப்படியே உட்காரவைத்தது. எத்தனை நண்பகல்களைப் பென்சிலால் அடித்திருப்பேன்!

நிரலின் கடைசித் தாளில் மறுபடியும் எஸ்தரின் பெயர் இருந்தது. ஃபோனில் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன்.

வாத்தியார்தான் கதவைத் திறந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். "எஸ்தரு! நம்ம 'தவிர்க்கலாம்' சார் வந்துகீறாருமா!"

"சும்மா இரு நைனா" என்றபடி எஸ்தர் வந்தாள். தலை நரைத்திருந்தது. நின்றபடியே சொன்னேன்: "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். ஆண்டு விழாவுக்கு நான் வரவே இல்ல. உன் வாசிப்பைக் கேட்டதே இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்கவே இல்லியா? அவ்ளோ பெரிய ஆளு எந்த எடத்துல தப்பைக் கண்டாருன்னு இத்தினி வருஷமா தேடிக்கினு இருந்தேனே சார்! இடது கைன்னு நெனச்சி அதையே சாதகம் பண்ணேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம். வந்து கேளுங்க. கேட்டுட்டு நெசத்தைச் சொல்லுங்க."

3. கேட்ட பிறகு

வேன் நிறைய ஆட்களுடன் போனோம்; வாத்தியாரும் வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

கோயில் மணி போல ஒற்றைச் சுரத்தில் ஆரம்பித்தாள். இடது கை நிதானமாக நடக்க, வலது கை அதன்மேல் நிரவல் செய்வதுபோல ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு வாசலைத் திறந்தது. அவளும் டிரம்ஸ்காரரும் மாறிமாறிக் கேள்வியும் பதிலுமாக வாசித்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க் கோயில் குருக்கள் தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டார். ஜாஸ் தெரியாத எனக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை. இப்படி ஒரு கையை நான் ஊராருக்கு இல்லாமல் செய்திருந்தேன்.

மூன்றாவது உருப்படியில் மட்டும் டிரம்ஸ் வேகமெடுத்தபோது இடது கை அரைத் தட்டு முன்னே ஓடியது. உடனே சேர்ந்துவிட்டாள்.

முடிந்ததும் வேனுக்கு அருகில் வந்தாள். எல்லாரும் பாராட்டினார்கள். அவள் என்னையே பார்த்தாள். எல்லாம் அருமை என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. அதைச் சொன்னால் இரண்டாவது முறையும் அவளைக் கேட்காதவன் ஆவேன்.

"ரொம்ப நல்லா இருந்துது எஸ்தர். மூணாவதுல இடது கை கொஞ்சம் ஓடிச்சு."

வாத்தியார், "ஆரம்பிச்சிட்டாருப்பா!" என்றார்.

எஸ்தர் சிரித்தாள். "ஆமா சார். எனக்கும் தெரிஞ்சிது. வேற யாரும் சொல்லல. இப்பதான் கேட்டிருக்கீங்க."

இன்று இசைப் பக்கம் தயாரிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: கேட்காத பெயருக்கு எதிரே எதையும் எழுதாமல் விடுங்கள். காலி இடத்தால் யாருக்கும் காயம் படாது.

இந்தக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் எஸ்தரிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வாசிப்பைப் பற்றிய இடத்தில் பாராட்டு மட்டும்தான் அப்போது இருந்தது.

"இடது கை ஓடினதை ஏன் சார் உட்டுட்டீங்க? அதையும் போடுங்க" என்றாள்.

போட்டுவிட்டேன்.