பெயர் கேட்காத மேசை

“நிறுத்து, நிறுத்து! பேரைச் சொல்லாதே!”

மேசைக்கு எதிரே நின்ற தாடிக்காரர் பாதிப் பெயரோடு வாயை மூடிக்கொண்டார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பியில்லாத் தொலைபேசி, முதுகில் கூடார மூட்டை. முகாமுக்குப் புதியவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“உங்கம்மா வெச்ச பேரு எனக்கெதுக்குப்பா? இங்க உன்னை என்னன்னு கூப்பிடணும், அதைச் சொல்லு. நாலு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.”

அவர் யோசித்துவிட்டு “கூர்க்கெ” என்றார். வெள்ளரிக்காய்! மேசைக்குப் பின்னாலிருந்த மோட்டெ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் அதைப் பதிந்துகொண்டாள். வெள்ளரிக்காய் என்ன, வெங்காயம் என்று சொன்னாலும் பதிவாள். அவளே அந்துப்பூச்சிதான். மோட்டெ என்றால் அவர்கள் மொழியில் அதுதான் பொருள்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மெக்லென்பூர்க் பகுதியின் இந்தப் பழைய விமானத் திடலில் மூவாயிரம் ஹேக்கர்கள் ஒரு வாரம் கூடாரம் போடுகிறார்கள். முதலாளி இல்லை, சம்பளம் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவர்களே சமைக்கிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள், மின்சாரம் இழுக்கிறார்கள். தொலைபேசி நிலையமும் அவர்களுடையதுதான். மோட்டெயின் மேசையில் பதிந்துகொண்டால் வீட்டுத் தொலைபேசியே திடல் முழுக்கப் பேசும். அவளுக்கு ஐம்பத்தாறு வயது; குட்டை முடி; இடுப்பில் தொங்கும் ஒரு கம்பிவெட்டி. காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்காமல் குடிப்பாள், அடியில் தங்கியதை விரலால் வழித்துத் தின்பாள். யாராவது கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தால் திடலின் அந்தக் கோடியிலிருந்தே கத்துவாள். முகாம் முடிந்த அன்று நம்பர் பட்டியலைத் தன் கையாலேயே அழிப்பாள். “இல்லாத பட்டியலை எவனாலயும் திருட முடியாதுடா” என்பாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

இந்த முறை பட்டியலில் ஒரு நம்பரை மட்டும் யாருக்கும் தராமல் வைத்திருந்தாள். 3347. டாக்ஸின் நம்பர்.

டாக்ஸ் என்றால் வளைக்கரடி. ஐந்து முகாம்களாக வந்த ஆள். நடமாடும் கழிப்பறைப் பெட்டிகளைத் திடலில் ஆங்காங்கே நிறுத்தி, உள்ளே இணையக் கருவிகளை வைத்துப் பூட்டுவது அவன் வேலை. மழை நனைக்காது, காற்று சாய்க்காது. அவசரமாக ஓடிவந்து கதவை இழுப்பவர்களிடம் “இது வேற போக்குவரத்துக்குங்க” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்வான். வேலை முடிந்ததும் மோட்டெயின் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கறுப்பு ரொட்டியில் ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியை வைத்து அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வெட்டுவான். நான்கு ஆண்டுக்கு முன் விட்ட பேச்சை விட்ட இடத்தில் தொடங்குவான். ஐந்து முகாம், முகாமுக்கு ஏழு நாள். ஆக முப்பத்தைந்து நாள். மிச்ச நாளெல்லாம் அவள் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அவனுடைய ஊரோ பெயரோ அவளுக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இருபது ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே!

முதல் நாள் அவன் வரவில்லை. ரயில் தாமதமாயிருக்கும் என்றாள். இரண்டாம் நாள் காலையில் கழிப்பறைப் பெட்டிகளை வேறு யாரோ வந்து பூட்டினார்கள். மூன்றாம் நாள் மேசையில் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. ஜூன் மாதம் அவனுடைய முகாம் பெயருக்கு அவள் எழுதிய செய்திக்குப் பதில் இல்லை. ஆனால் அவன் எப்போதுமே பதில் எழுதாதவன்.

“தேடித்தான் பாப்போமே” என்றான் ஸென்ஃப்; அந்தப் பெயருக்குக் கடுகு என்று பொருள். பன்னிரண்டு ஆண்டாக அவள் மேசையில் கூட வேலை செய்பவன். “இங்க மூவாயிரம் பேர் இருக்கோம். ஊர் உலகத்துல பூட்டின கதவெல்லாம் தெறக்கறவனுங்க. ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?”

“எதை வெச்சுடா தேடுவ? பேரு இருக்கா? படம் இருக்கா?”

“போன தடவை பட்டியல்ல...” என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு, “ஊருன்னு ஒண்ணும் சொன்னதில்ல. தங்கச்சி ஆடு வளக்கறான்னு மட்டும் ஒருதரம் சொன்னான். அந்தப் பால்கட்டி அவ பண்றதுதானாம்” என்றான்.

ஆடு என்றதும் மோட்டெ முகாமின் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து தேடினாள்.

பிப்ரவரியில் முகாமின் பொது முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ‘என் அண்ணன் எக்கெஹார்ட் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறான். பேச்சும் எழுத்தும் போய்விட்டன. உங்கள் முகாமுக்குத் தவறாமல் வருபவன். யாரையோ தேடுகிறான், யாரென்று எனக்குப் புரியவில்லை. அவனுடைய படத்தை இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது வந்து பார்த்தால் நல்லது.’ கீழே ஓர் ஆட்டுப் பண்ணையின் பெயர்.

இப்படிப்பட்ட கடிதங்கள் மாதத்துக்கு இரண்டு வரும். போலீஸ்காரன் அண்ணன் வேஷத்தில் எழுதுவான், பத்திரிகைக்காரன் அம்மா வேஷத்தில் எழுதுவான். “பாசத்தைத் தூண்டில்ல கோத்து அனுப்பறானுங்க” என்று ஸென்ஃபிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய படத்தை அவள் திறக்கவே மாட்டாள். செத்தாலும் மாட்டாள். ஐந்தே நிமிடத்தில் பதில் போட்டாள்: ‘வருபவர்களின் பெயர்ப் பட்டியல் எங்களிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டோம். மோட்டெ, தொலைபேசி மேசை.’

இப்போதும் அந்தப் படத்தை எதனோடும் இணைக்காத ஒரு பழைய கணினிக்குக் கொண்டுபோய்த்தான் திறந்தாள். பழக்கம்! சக்கர நாற்காலியில் டாக்ஸ். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நல்ல கையில் வீட்டுத் தொலைபேசியைப் பிடித்து, அதன் முதுகைப் படம் எடுப்பவருக்கு நேராகத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். அதில் அவள் அச்சடித்து ஒட்டிய சீட்டு: 3347.

பண்ணையின் எண்ணைத் தேடி அழைத்தாள். பின்னால் ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது.

“எக்கெஹார்டா? மே மாசமே தவறிட்டான்ங்க” என்றாள் தங்கை கெர்லிண்ட். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் மோட்டெக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நீங்க அவன் கூட வேலை பாத்தவங்களா?”

“முகாம்ல... முகாம்ல இருந்து பேசறேன்.”

“ஓ, அங்க இருந்தா? ஒரு பதில் வந்துச்சுங்க. பட்டியல் கிடையாதுன்னு. அதை அச்செடுத்து அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். அன்னிக்கு ஒரு வேடிக்கை பாருங்க. தாளைப் பிடுங்கிக்கிட்டான். கடைசியில ஏதோ ஒரு பூச்சி பேரு போட்டிருந்துச்சு. அது மேல விரலை வெச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேன்னுட்டான். என்னைப் பாக்கறான், மறுபடி அதையே தொடறான். வீட்டுக்குள்ள பூச்சி வருதுபோலன்னு நெனச்சு ஜன்னலெல்லாம் சாத்தினேன். அழுதான். எனக்கு ஒண்ணும் புரியல. கடைசி வாரம் வரைக்கும் அந்தத் தாள் தலகாணிக்கு அடியிலதான் கெடந்துச்சு.”

மோட்டெ திரையில் தெரிந்த 3347 மேல் விரலை வைத்தாள்.

“தங்கமான மனுஷன் அவன். ஒரு சிநேகிதர் கூட வரலங்க, பொதைக்கறதுக்கு” என்றாள் கெர்லிண்ட். “ஆமா, நீங்க யாரு பேசறது? உங்க பேரு என்ன?”

“மோட்டெ” என்றாள்.

மறுமுனையில் ஆடுகள் கத்தின. பிறகு தொலைபேசியை வைக்கும் சத்தம் கேட்டது.

மேசையில் ஸென்ஃப் இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றி வைத்திருந்தான். வெளியே வெயிலில் புதியவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக அவனை அவள் வளர்க்கவில்லை. மோட்டெ சட்டையின் உள்பையில் கைவிட்டுத் தன் அடையாள அட்டையை எடுத்தாள். படமும் பெயரும் பிறந்த ஊரும் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி அவன் முன்னால் வைத்தாள்.

“படி” என்றாள். “சத்தமா படிடா.”

ஸென்ஃப் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். எழுத்து எதுவும் கண்ணில் பட்டுவிடாதபடி உள்ளங்கையால் மூடி, அட்டையைக் கவிழ்த்து, மிகுந்த மரியாதையோடு அவள் பக்கமே நகர்த்தி வைத்தான்.