புற்றடியில் விழுந்து கும்பிட்டவர்

என் கணவரைக் காணவில்லை என்ற செய்தி வந்தபோது நான் நமீபியாவில், ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில், பருப்புக் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் சம்பந்தி வெர்னர் வாசலில் வந்து நின்றார். அவருடைய கையில் என் கணவரின் சப்பாத்து இரண்டும் இருந்தன. காலுறைகள் சுருட்டி உள்ளே வைக்கப்பட்டிருந்தன. "தேவகி" என்றார். முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். ஒரு ஜெர்மன்காரர் சொல்ல வந்த விஷயத்தைச் சொல்ல முடியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கத்தி கையிலிருந்து விழுந்தது. அந்த நேரம் என் உயிரும் அதோடு விழுந்தது என்றுதான் நினைத்தேன்.

முருகன் அடியார்களே, வுப்பர்டால் நகரத்தில் இருக்கும் சாதாரணக் குடும்பம் எங்களுடையது. வெள்ளி, செவ்வாயில் முட்டைகூட வீட்டுக்குள் வராது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆபிரிக்கக் காட்டில் வேட்டைக்குப் போக என்ன வந்தது என்று கேட்பீர்கள். சம்பந்தி முறைதான் வந்தது. எங்கள் ஒரே மகள் அபிராமி ஃப்ளோரியான் என்ற ஜெர்மன் பிள்ளையைக் கல்யாணம் செய்தாள். தங்கமான பிள்ளை. அவனுடைய அப்பாதான் வெர்னர். மனைவியை இழந்தவர். வேட்டை அவருக்கு உயிர். வீட்டுச் சுவரில் எங்கு பார்த்தாலும் கொம்புதான். உட்கார்ந்து தேநீர் குடிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். தன் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் குடும்பம் முழுவதையும் நமீபியாவுக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். "குடும்பம் என்றால் நீங்களும்தான்" என்றார்.

எனக்கு விருப்பமில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே அகதியா ஓடி வந்தனாங்கள். இப்ப அதைக் கேக்க பிளேன் ஏறிப் போறதோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"சம்பந்தி வாய்விட்டுக் கேட்டுப்போட்டார். மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ? பிறகு பிள்ளைக்கெல்லோ கதை வரும்" என்றார். அவர் கையால் ஒரு நுளம்பை அடித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் மரியாதைக்காக வேட்டைக்குப் போனார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சம்பந்தி பக்கத்தவர்களுக்கு முன்னால் நாங்கள் சாமி கும்பிடுவதில்லை. கும்பிடாதே என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே வெட்கப்பட்டோம். என் கணவர் விபூதி பூசுவார். வெர்னரின் கார்ச் சத்தம் கேட்டால் வியர்வை துடைப்பது போல நெற்றியைத் துடைத்துவிடுவார். அந்தப் பண்ணைக்குப் போன நாளிலிருந்து குளியலறைக்குள் நின்றுதான் இரண்டு பேரும் கும்பிட்டோம்.

போன வருட ஜூலை மாதம் அது. இங்கே கோடை, அங்கே குளிர்காலம். பகலில் இளவெயில் அடிக்கும். இரவானால் வாளித் தண்ணீர் உறையும். என் கணவருக்கு நீண்ட நாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அன்று காலை ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு துண்டு பாண் சாப்பிட்டுவிட்டு, வெர்னரோடும் பண்ணையில் தடம் பார்க்கிற எலியாஸோடும் போனார். வெர்னர் ஓர் ஓரிக்ஸைச் சுட்டார். மாட்டளவு பெரிய மான் அது. கொம்பு இரண்டும் ஈட்டிதான். காயப்பட்டால் சிங்கத்தையே குத்திவிடுமாம். குண்டு பட்டும் அது விழவில்லை. காட்டுக்குள் ஓடிவிட்டது.

காயப்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வருவது வேட்டைக்காரர்களுக்குப் பெரும் பாவம். தேடிப் போய் அதன் வேதனையை முடிக்க வேண்டும். அது அவர்களுடைய தருமம். ஆனால் அதுதான் வேட்டையிலேயே ஆபத்தான வேலையும். ஆகவே என் கணவரை ஆளுயரக் கறையான் புற்று ஒன்றின் நிழலில் இருத்தி, "அசையாதே, வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டு பேரும் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிருகமும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஆளும் இல்லை. புற்றடியில் சப்பாத்து மட்டும் இருந்தது.

"சீனி குறைந்து அவருக்குத் தலை குழம்பியிருக்கிறது. அடையாளங்கள் அப்படித்தான் சொல்கின்றன" என்று வெர்னர் கடைசியில் சொன்னார். தலை குழம்பியவர்கள் பள்ளமான பக்கமாகத்தான் நடப்பார்களாம். பண்ணை ஆட்கள் எல்லோரையும் வறண்ட ஆற்றுப் பக்கம் அனுப்பியிருந்தார். பொழுது சாயும் முன் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். கண்டுபிடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. வெறுங்காலோடு, மெல்லிய சட்டையோடு, சீனி வருத்தக்காரர் ஒருவர் அந்தக் குளிரில் ஓர் இரவு கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

அபிராமி கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதாள். நான் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே விளக்கில்லை, படமில்லை. ஏதோ ஒரு மிருகத்தின் தலைதான் தொங்கியது. சின்ன வயதில் படித்த தேவாரம் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. சண்டைக்காரி போலத்தான் கேட்டேன். "அப்பனே முருகா, ஷெல்லடிக்குள்ளால உயிரோட கொண்டு வந்தனி. இந்த முள்ளுக்காட்டில விடவோ அவ்வளவு தூரம் கொண்டு வந்தனி? எனக்கு அவரைத் தா. வேற ஒண்டும் கேக்கேல்லை."

சத்தமாகவே கேட்டேன். வெர்னர் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லை.

கேட்டு முடித்ததும் என் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி. பாம்புக்குப் பயந்து அந்த வீட்டு முற்றத்தில்கூட இறங்காதவள் நான். நேரே போய் காரில் ஏறி இருந்துவிட்டேன்.

"அம்மா, நீங்க இஞ்ச இருங்கோ. அங்க வந்து என்ன செய்யப் போறீங்க?" என்று அபிராமி ஓடி வந்தாள்.

"தெரியாது பிள்ளை. ஆனா நான் வாறன்."

வெர்னரும் ஃப்ளோரியானும் அபிராமியும் நானுமாகப் புற்றடிக்குப் போய் இறங்கினோம். எலியாஸ் அங்கேயே நின்றார். நல்ல ஜெர்மன் பேசுவார். மணலைக் காட்டி விளக்கினார். "பாருங்கள் அம்மா, இங்கே சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார். பிறகு புற்றைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். இந்த இடத்தில் முகம் குப்புற விழுந்திருக்கிறார். அதற்கு அப்பால் தரை இறுகியது, தடம் தெரியவில்லை." மணலில் ஓர் ஆள் விழுந்த அச்சு அப்படியே கிடந்தது. வெர்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். மயங்கி விழுகிறவர் கையைத் தலைக்கு மேலே நீட்டி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தா விழுவார்? நெற்றி பட்ட இடம், நெஞ்சு பட்ட இடம், முழங்கால் பட்ட இடம் எல்லாம் ஒரே நேராக இருந்தன. இவர் விழவில்லை. விழுந்து கும்பிட்டிருக்கிறார்.

புற்று என்றால் எங்களுக்கு நாகதம்பிரான் இருக்கிற இடம். அதன் நிழலில் சப்பாத்துக் காலோடு இவரால் இருக்க முடியுமா? வெர்னரின் தலை மறையும் வரை காத்திருந்துவிட்டுத்தான் கழற்றியிருப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

"அவருக்கு ஒண்டும் குழம்பேல்லை. அவர் கும்பிட்டிருக்கிறார்" என்று அபிராமியிடம் சொன்னேன்.

அவள் முகம் சிவந்தது. "அம்மா, இப்ப இதை இவையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? ஒரு புற்றையோ எண்டு கேப்பினம்."

எனக்கும் முதலில் வெட்கம்தான் வந்தது. அந்த வெட்கம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. பிறகு, போகிறது உயிரடி, வெட்கமென்ன வெட்கம் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினேன். பெண்கள் அட்டாங்க நமஸ்காரம் செய்வதில்லை. முழங்காலில் இருந்துதான் கும்பிடுவோம். அன்று நான் அந்த அச்சுக்குப் பக்கத்தில், சம்பந்திக்கும் மருமகனுக்கும் முன்னால், சேலையோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கைகளை நீட்டிச் சேர்த்தேன். எழுந்தபோது மணலில் ஒரே மாதிரி இரண்டு அச்சுகள் இருந்தன.

எலியாஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "பிரார்த்தனை செய்திருக்கிறார்" என்றார்.

"ஓம்" என்றேன். ஜெர்மன் மறந்துபோயிற்று.

எலியாஸ் யோசித்தார். "அப்படியென்றால் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. புத்தி தெளிந்தவர் இந்த முள்ளில் சப்பாத்தை விட்டுவிட்டு ஏன் போனார்? போட நேரமில்லை. ஓடியிருக்கிறார்." சொல்லிக்கொண்டே புற்றின் பின்பக்கம் தூரத் தூரப் பார்த்துக்கொண்டு போனார். கொஞ்சத்தில் கூப்பிட்டார். அங்கே வெறுங்கால் தடத்தின் மேல் குளம்படிகள் இருந்தன. ஒரு புல்லில் காய்ந்த இரத்தம் இருந்தது. தேடிப் போனவர்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு, அந்த ஓரிக்ஸ் வட்டமடித்து இவரிடம் வந்திருக்கிறது. இவர் ஓடியது ஆற்றுப் பக்கம் இல்லை. அதற்கு நேர் எதிரே, கல்லு மேட்டுப் பக்கம். அங்கே ஒருவரும் தேடவில்லை.

ஆற்றுப் பக்கம் நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் மேட்டில் ஏறிக் கத்தினோம். பண்ணை ஆட்கள் ஜெர்மன் உச்சரிப்பில் "ஹெர் ஸீவக்குமாரான்" என்று இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டே போனது. கல்லில் தடமும் தெரியவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ!"

நிலத்துக்கு உள்ளேயிருந்து கேட்டது. "என்னப்பா?"

ஏதோ ஒரு மிருகம் தோண்டிவிட்டுப் போன பெரிய வளை ஒன்றுக்குள் விழுந்து கிடந்தார். கணுக்கால் முறிந்திருந்தது. பாதம் முழுவதும் முள். உடம்பு வியர்வையில் நனைந்து நடுங்கியது. அப்போதுதான் உண்மையாகவே சீனி குறைந்து அரைமயக்கத்தில் இருந்தார். ஃப்ளோரியான் கோலாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினான். நாங்கள் கத்தியதை, வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, முறை வரட்டும் என்று பேசாமல் கிடந்தாராம். பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்று சிரிக்கவில்லை. அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு முருகா, முருகா என்று அழுதேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடங்கினார். முடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

எலியாஸ் மறுநாள் அந்த ஓரிக்ஸைக் கண்டுபிடித்து அதன் வேதனையை முடித்தாராம்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வெர்னர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புற்றடியில் நீ என்ன கேட்டாய்?"

என் கணவர் சொல்ல விரும்பவில்லை. நான் முறைத்ததும் சொன்னார். "நீங்கள் காயப்பட்ட மிருகத்துக்குப் பின்னால் போனீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. அது உங்களிடம் வரக்கூடாது என்று கேட்டேன்."

வெர்னர் எழுந்து யன்னல் பக்கம் போனார். அவருடைய தோள் குலுங்கியது. அவருக்கு நம்பிக்கை, கோயில், தேவாலயம் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஆனால் அந்த மனிதர் அழுததை நான் பார்த்தேன்.

எனக்கோ வேறு யோசனை. கேட்டது கிடைத்திருக்கிறதே! அது வெர்னரிடம் போகவில்லை. திரும்பி, கேட்டவரிடமே வந்திருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அண்மையில் குருக்களிடம் கேட்டேன். அவர் "ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம்தானே அம்மா" என்றார். ஓம், இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் வேண்டுதலுக்கும் பழுதில்லை, என்னுடையதுக்கும் பழுதில்லை. அவ்வளவுதான் நான் கண்டது.

நாங்கள் மாறிவிட்டோம். வெர்னர் வீட்டு மேசையில் சாப்பிட இருக்கும்போது இவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். வெர்னர் காத்திருப்பார். ஏன் எதற்கு என்று எங்கள் பேத்தி கேட்டால் அபிராமியே ஜெர்மனில் சொல்லிக் கொடுக்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளும் யாருக்குப் பயந்தோம் என்று எனக்கே விளங்கவில்லை.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் இன்றைக்கு ஏதோ ஒரு கவலை இருக்கும். வருத்தமாக இருக்கலாம், பிள்ளையின் யோசனையாக இருக்கலாம். மந்திரம் வரவில்லை என்று நிற்காதீர்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். கிடைக்கும். மற்றவருக்காகவும் கேளுங்கள், அதைவிடப் பெரிய வழிபாடு இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் படித்தேன். ஆனால் ஒன்று. அப்படிக் கேட்கும்போது, "என்னையும் பார்த்துக்கொள்" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். உங்களுக்காகப் பருப்பு வைத்துக்கொண்டு வீட்டில் ஒருத்தி காத்திருப்பாள்.